கிணறு மூடும் அக்லயா

"தள்ளு, தள்ளு" என்று சமையல்காரியை இடுப்பால் இடித்து நகர்த்திவிட்டு அக்லயா துர்கானு, அடுப்புக்குப் பின்னால் குனிகிறாள். ஞானஸ்நான விருந்து. கூடத்தில் வயலின்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், குழந்தையின் அப்பா எல்லோருக்கும் பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டு வருகிறார். விருந்தாளியாக வந்த இவள், பட்டு ரவிக்கையும் முத்துமாலையுமாக, சமையலறைத் தரையில் மண்டியிட்டிருக்கிறாள். கைப்பைக்குள்ளிருந்து ஒரு தெளிப்புக் குப்பி வெளியே வருகிறது. உள்ளே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். கேஸ் குழாய் இணைப்பில் இரண்டு முறை பீய்ச்சுகிறாள். ஒரு குமிழி உப்பி, உடைந்து, மறுபடி உப்புகிறது.

"பாத்தியா? எச்சில் விடுது. ஸ்பானர் எங்க?"

"விருந்துக்கு வந்தீங்களா, வேலைக்கு வந்தீங்களா இன்ஜினியரம்மா?"

"சாகறதுக்கு வரல. ஸ்பானர் எங்கன்னு கேட்டேன்."

ஸ்பானர் வந்தது. இணைப்பு இறுகியது. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி தாமதமாகத்தான் மேசைக்கு வந்தது. பாட்டியம்மாக்கள் முணுமுணுத்தார்கள். அக்லயா முழங்காலில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டாள்.

நான் இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவள். அக்லயாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். என் கடைக்குள் நுழைந்ததும் அவள் செய்யும் முதல் காரியம் வணக்கம் சொல்வதல்ல, மோப்பம் பிடிப்பது. "அடியே லவீனியா, உன் ஹீட்டரைப் பாக்க ஆள் வந்தானா?" அவளுக்கு ஐம்பத்தேழு வயது. குட்டையான, தோள் அகன்ற உருவம். பேசும்போது குரல் தானாகவே உயரும், ஏனென்றால் அவளுடைய இளமை முழுவதும் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் கழிந்தது. சர்ச்சிலும் அதே குரல்தான். நகைச்சுவைக்குச் சிரிக்க மாட்டாள். வானிலை அறிக்கைக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எங்கள் ஊர் ப்ரஹோவா மலையடிவாரத்தில் இருக்கிறது. இங்கே கோழி இல்லாத வீடு உண்டு, எண்ணெய்க் கிணறு இல்லாத தெரு கிடையாது. தலையாட்டும் எண்ணெய்ப் பம்புகளைச் சுற்றிய வேலியில் துணி காயப்போடுவோம். கிணறுகளில் பாதி எப்போதோ நின்றுபோனவை. எங்கள் தாத்தாக்கள் காலத்தில் துளைத்தவை, அதற்கு முன்பும் துளைத்தவை. எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அக்லயா அவற்றைச் சொந்தக்காரர்களைப் போலப் பேசுவாள். "தொண்ணூத்தி நாலு நல்ல பொண்ணு, வாயே திறக்காது. சர்ச்சுக்குப் பின்னாடி இருக்காளே, அவ கமுக்கம். வெயில் காலத்துல ஒண்ணும் தெரியாது, குளிர் வந்தா வாயு விட ஆரம்பிச்சிடுவா."

பெட்ரோலியம் இன்ஜினியர் என்றால் பூமியிலிருந்து எண்ணெய் எடுப்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்லயாவும் முதலில் அதைத்தான் செய்தாள், நன்றாகவே செய்தாள். எண்ணெயோடு சேர்ந்து எரிவாயுவும் மேலே வரும். அதைக் கொண்டுபோக அந்தக் காலத்தில் குழாய் இல்லை. அதனால் சேகரிப்பு நிலையத்தின் உயரமான குழாயில் இரவும் பகலும் கொளுத்தினார்கள். எங்கள் ஊருக்கு இருட்டே கிடையாது. என் படுக்கையறைத் திரைச்சீலை ஆண்டு முழுவதும் ஆரஞ்சு நிறமாக இருந்தது. நாங்கள் அதைப் பெருமையாக நினைத்தோம். வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்குக் காட்டினோம்.

அக்லயா ஒருத்திதான் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "கொளுத்தறதுக்கா எடுக்கறோம்? ஆஸ்பத்திரியில நோயாளிங்க கம்பளிக்குள்ள கம்பளி போட்டுக்கிட்டுக் கிடக்கறாங்க, இங்க வானத்தைக் குளிர் காய வைக்கறாங்க." பல வருடம் சண்டை போட்டாள். கடைசியில் அந்த வாயுவை அழுத்தி ஓர் இன்ஜினுக்குள் அனுப்பினார்கள். அந்த இன்ஜினின் மின்சாரத்தில் நிலையம் ஓடியது, அதன் சூட்டில் ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் போனது. தீக்குழாய் அணைந்த நாளன்று ஊர் நாய்கள் விடிய விடியக் குரைத்தன. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் குரைத்தன என்று இன்றும் சாதிக்கிறேன். கம்பெனி அதற்காக அவளைத் தன் காலண்டரில் போட்டது. கையில் ஒரு சூரியகாந்திப் பூவைக் கொடுத்துப் படம் எடுத்திருந்தார்கள். அந்த மாதத் தாளை மட்டும் அவள் கிழித்து, மீன் கழுவும்போது அடியில் விரித்தாள்.

கண்ணுக்குத் தெரிகிற தீயை அணைப்பது சுலபம் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வசந்தகால மாலையில் காரிலிருந்து ஒரு கனமான கேமராவை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். "அந்த வால்நட் மரங்களைப் பாரு." வெறும் கண்ணுக்கு வால்நட் மரங்கள்தான், கீழே புல், ஒரு பழைய இரும்புத் தூண். கேமராவுக்குள் பார்த்தேன். தூணின் அடியிலிருந்து கரும்புகை திரண்டு எழுந்து, காற்றில் சாய்ந்து, கிளைகளுக்குள் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. கேமராவை இறக்கினேன். புல், மரம், தூண். மறுபடி தூக்கினேன். புகை.

"எவ்வளவு நாளா?"

"நாம பள்ளிக்கூடம் போன நாளிலேருந்துன்னு வெச்சுக்கோ. மீத்தேன் வாயு. இந்தக் கேமராவுக்கு மட்டும்தான் தெரியும். எரிச்சா வர்ற கரியமில வாயுவைவிட, எடைக்கு எடை, எரிக்காம விட்ட இது முதல் இருபது வருஷத்துல எண்பது மடங்கு சூடாக்கும். வாசனையும் இல்ல, நிறமும் இல்ல. அதனால யாருக்கும் வெக்கமும் இல்ல."

அந்த மரங்களின் கீழேதான் நான் என் கணவனை முதலில் முத்தமிட்டேன். அதை அவளிடம் சொன்னேன். "தீக்குச்சி உரசாம இருந்தீங்களே, சந்தோஷம்" என்றாள்.

அக்லயாவுக்கு ஒரே மகள், இலிங்கா. க்ளூஜ் நகரத்தில் இருக்கிறாள். எண்ணெய் கம்பெனிகளின் வாசலில் சங்கிலி கட்டிக்கொண்டு உட்காரும் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவள். ஈஸ்டர் சாப்பாட்டுக்கு வந்தாள். அக்லயாவின் கணவர் சாண்டு ரயில்வேக்காரர், சத்தம் பிடிக்காதவர். ஆட்டுக்கறியை வெட்டி வைத்துவிட்டு முயல் கூண்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கழன்றுகொண்டார். நான் மாட்டிக்கொண்டேன்.

"அம்மா, என் பிரெண்ட்ஸ்கிட்ட நீ என்ன வேலை பாக்கறேன்னு நான் சொல்றதில்ல. டீச்சர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏன், திருடின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பூமியைத் துளைச்சு நாசம் பண்ணினவங்க நீங்கதானே? இப்ப நாங்களே சரி பண்றோம்னு வந்தா யாரு நம்புவா?"

அக்லயா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி, நான் வீட்டுக்குப் போயிடறேன். நாளைக்கு நீ போய்க் கிணத்தை மூடு. கீழே ஆயிரத்து இருநூறு மீட்டர்ல குழாய் துருப்பிடிச்சு ஓட்டையா இருக்கு. உன் பேனரை உள்ளே திணிப்பியா? கோஷம் போட்டா சிமென்ட் இறங்குமா?"

"உங்க கம்பெனி கிணத்தையெல்லாம் மூடிடுச்சுன்னு அறிக்கையில போட்டிருக்கே!"

"நிஜமா மூடினாங்களான்னுதான்டி நானும் கேக்கறேன்!" என்று மேசையை அறைந்தாள். சிவப்புச் சாயம் பூசிய ஈஸ்டர் முட்டைகள் உருண்டு தரையில் விழுந்தன. தாயும் மகளும் ஒரே விஷயத்துக்காகத்தான் கத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை. அன்று மாலை ரயிலிலேயே இலிங்கா கிளம்பிப் போய்விட்டாள்.

கம்பெனி மூடிவிட்டதாகச் சொன்ன கிணறுகளில் ஒன்று முந்நூற்றுப் பதினேழு. இலாரியோன் என்பவரின் பிளம் தோட்டத்து மூலையில் இருக்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்த தூண், சுற்றிலும் அழகான சிமென்ட் மேடை. ஈஸ்டருக்குப் பிறகு அக்லயா வீம்பாக ஒவ்வொரு கிணற்றுக்கும் கேமராவோடு நடந்தாள். சில நாள் நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனேன். இலாரியோன் தோட்டத்தில் கேமராவே தேவைப்படவில்லை. மேடைக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு பிளவு. அதன்மேல் பால்காரர் புனல் ஒன்று கவிழ்ந்திருந்தது. புனலின் மூக்கில் ரப்பர் குழாய். குழாய் போய்ச் சேர்ந்த இடத்தில் சாராயம் காய்ச்சும் செம்பு அண்டா, அதன் கீழே நீல நிறத்தில் அழகாக எரியும் அடுப்பு. இலாரியோன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க இன்ஜினியரம்மா. ஒரு மடக்கு சூடா இருக்கு."

"இலாரியோன் அண்ணே, உமக்குப் பைத்தியமா?"

"சும்மா போறதைப் பிடிச்சு வெச்சிருக்கேன். நீங்கதானே வீணாக்கக் கூடாதுன்னு ஊரெல்லாம் கத்துவீங்க?"

"அது வெடிச்சா உம்ம பல்லு ப்ளொயெஷ்ட் டவுன்ல போய் விழும்!"

"பல்லு எங்கம்மா இருக்கு எனக்கு" என்று வாயைத் திறந்து காட்டினார்.

அவள் அடுப்பை அணைத்தாள். பேனாக்கத்தியால் ரப்பர் குழாயைப் பல துண்டாக வெட்டினாள். இலாரியோன் அவளுடைய முன்னோர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பச்சைத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் அவள் முகம் சிவந்து நான் பார்த்திருக்கிறேன். அன்று வெளுத்திருந்தது.

"கீழே ஒண்ணுமே போடல லவீனியா. மேல ஒரு மூடி, ரெண்டு தள்ளுவண்டி சிமென்ட், பெயின்ட். தொண்டையில புண்ணு, உதட்டுல சாயம் பூசிட்டுப் போயிருக்கானுங்க."

மறுநாள் அவள் வட்டார மேலாளர் ரெதுகானுவின் அறைக்குப் போனாள். மெலிந்த, சென்ட் மணக்கும், எப்போதும் பளபளக்கும் காலணி அணிந்த மனிதர். அங்கே நடந்த பேச்சை அவள் எனக்கு அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

"மேடம், அது மூடின கிணறு."

"மூடின கிணத்துல சாராயம் காய்ச்சறாங்க சார்."

"மண்ணுல இயற்கையா கொஞ்சம் வரும்."

"இயற்கையா வர்றது நம்ம குழாயைச் சுத்தி மட்டும்தான் வருமா? குழாய்க்கும் பாறைக்கும் நடுவே இருந்த பழைய சிமென்ட் விட்டுப்போச்சு. அந்தச் சந்து வழியா ஏறி வருது. கிணறு துளைக்கற ரிக் கொண்டு வரணும். உள்ளே கிடக்கற குப்பையை எடுத்து, அடிவரைக்கும் போகணும். வாயு இருக்கற பாறைக்கு நேரா சிமென்ட் போட்டு அடைக்கணும். மேலே குழாயில ஓட்டை போட்டு, அதுக்குப் பின்னாடியும் சிமென்ட்டை அழுத்தி ஏத்தணும். நான் செஞ்சு தர்றேன்."

"ஒண்ணுக்கு ரிக் கொண்டு வந்தா மத்ததெல்லாம் எங்களுக்கும்னு கேக்கும்."

"கேக்கணும் சார். எல்லாமே கேக்கணும்."

ரெதுகானு புன்னகைத்தார். கம்பெனி காற்றில் விடும் கார்பன் குறைந்துவிட்டதாக அவர் ஏற்கெனவே தலைநகருக்குச் சொல்லியிருந்தார். அதைக் கொண்டாட விழாவும் ஏற்பாடு செய்திருந்தார். மூடிய கிணறு ஒன்றைச் சுற்றி மாணவர்கள் மரக்கன்று நட வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்திருந்த இடம் இலாரியோனின் பிளம் தோட்டம். சாலை பக்கம், நிழல் உண்டு, படத்தில் நன்றாக விழும்.

கிணற்றை மூடாதது சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். தெரிந்தே அதன்மேல் குழந்தைகளை நிறுத்துவதற்கு என்ன பெயர்? தன்னிடம் சொன்ன இன்ஜினியரின் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த போனில் கூடாரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆர்டர் கொடுக்கிற மனிதனை என்ன செய்வது? விழா நாளுக்கு முன்பு அக்லயா மேலதிகாரிகள் எல்லோரிடமும் பேசிப் பார்த்தாள். விழா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

விழா நாள் வெயிலாக விடிந்தது. தோட்டத்தில் வெள்ளைக் கூடாரம், பெரிய திரை, திரையில் இலைகளும் நீரோடையும். பாதிரியார் வந்தார். தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து அரசாங்கப் பெரியவர் ஒருவர் வந்தார். மாணவர்கள் பச்சைத் தொப்பியோடு வரிசையில் நின்றார்கள். அக்லயாவும் அழைக்கப்பட்டிருந்தாள், மேடையில் நிறுத்தக் கம்பெனிக்கு ஒரு பெண் இன்ஜினியர் வேண்டுமே. நாங்கள் காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். அவள் மோப்பம் பிடித்தாள், கரி பற்றும் வாசனை. உடனே ஓட ஆரம்பித்தாள்.

இறைச்சி உருண்டை சுடும் பெரிய அடுப்பைச் சமையல்காரர்கள் பச்சைத் தூணிலிருந்து நாலு எட்டில் வைத்திருந்தார்கள், காற்று அடிக்கும் திசையிலேயே. கரி அப்போதுதான் பற்றிக்கொண்டிருந்தது. அந்த வயதில், அந்த உடம்போடு, அவள் அப்படி ஓடுவாள் என்று நான் நினைத்ததில்லை. போகிற போக்கில் மேசையிலிருந்த எலுமிச்சை ஜூஸ் ஜாடியைத் தூக்கினாள். அடுப்பில் கவிழ்த்தாள். இரண்டாவது ஜாடி. மூன்றாவதாகப் பாதிரியார் ஆசீர்வதித்துத் தெளிப்பதற்காக வைத்திருந்த வாளித் தண்ணீர். புஸ்ஸென்று சாம்பல் எழும்பி விருந்தினர்களின் சட்டையில் படிந்தது.

"ஏ பொம்பளை!" என்று சமையல்காரர் கரண்டியை ஓங்கினார்.

"டீச்சர்! பசங்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க! இப்பவே! ஓடுங்க!" அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. ஆசிரியைகள் கேள்வி கேட்காமல் பிள்ளைகளை நகர்த்தினார்கள்.

ரெதுகானு பல்லைக் கடித்தபடி வந்தார். "மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்ல. வீட்டுக்குப் போங்க."

அவள் காருக்குப் போய்க் கேமராவை எடுத்துவந்தாள். திரைக்கு வயர் இழுத்திருந்த ஆள் எங்கள் தெருக்காரன். அவள் கேமராவை நீட்டியதும், கேட்காமலே தன் வயரைப் பிடுங்கி அதில் மாட்டிவிட்டான்.

திரையில் இலைகளும் நீரோடையும் மறைந்தன. சாம்பல் நிறத்தில் தோட்டம் வந்தது. கூடாரம், நாற்காலிகள், அரசாங்கப் பெரியவரின் வழுக்கைத் தலை. எல்லோரும் தங்களைத் தாங்களே பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பச்சைத் தூணின் அடியிலிருந்து கரிய புகை குபுகுபுவென்று எழுந்து, சாய்ந்து, நாற்காலிகளின் கால்களுக்குள் புகுந்து, பாதிரியாரின் அங்கியைச் சுற்றி, அணைந்த அடுப்பின்மேல் தவழ்ந்துபோனது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். வெறும் புல். திரையைப் பார்த்தார். புகை. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பிள்ளைகள் கூவினார்கள்: "புகை! புகை! அங்கிள் காலுக்குக் கீழே புகை!"

"இது என்ன?" என்றார் பெரியவர்.

"நீராவி சார்" என்றார் ரெதுகானு. "காலை வெயில்ல மண்ணுலேருந்து வர்றது."

அக்லயா ஒலிபெருக்கி மைக்கைக் கையில் எடுத்தாள். மற்றொரு கையால் ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். "நீராவின்னா உரசுங்க சார். நாங்க எல்லாரும் ரோட்டுக்குப் போயிடறோம். நீங்க மட்டும் நின்னு ஒரே ஒரு குச்சி உரசிக் காட்டுங்க."

ரெதுகானுவின் கை தன் பாக்கெட்டுக்குள் போய் அங்கேயே இருந்துவிட்டது. முதலில் பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டை நோக்கி வேகமாக நடந்தார். அவருக்குப் பின்னால் பெரியவர். அதற்குப் பிறகு எல்லோரும்.

இந்த இடத்தில் ஊர் அவளைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. கம்பெனியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு மதிப்பு விழுந்துவிட்டதென்று திட்டினார்கள். கிணற்றில் வாயு கசிகிறது என்று தெரிந்தபின் இனி யார் இங்கே நிலம் வாங்குவார்கள்? என் கடைக்கு வந்தவர்கள் இருமல் மருந்தோடு அவளைப் பற்றிய வசையையும் வைத்துவிட்டுப் போனார்கள். இலாரியோன் ஒருவர்தான் சரியான காரணத்துக்காகத் திட்டினார். அவருக்கு அடுப்பு போய்விட்டது.

பிள்ளைகளில் யாரோ ஒருவரின் அம்மா போனில் எடுத்த அந்தத் திரைக் காட்சி நாடு முழுவதும் பரவியது. இலிங்கா போன் செய்தாள். அக்லயா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! எங்க ஆளுங்க எல்லாம் உன் படத்தை பேனர்ல போடப்போறாங்க!"

"போட்டா உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டேன். எனக்கு பேனர் வேணாம், ரிக் வேணும்."

"நாங்க என்ன கேக்கணும், சொல்லு. சரியா சொல்லு, நான் எழுதிக்கறேன்."

சீவிக்கொண்டிருந்த கத்தி நின்றது. அக்லயா போனைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "எண்ணெயை நிறுத்துன்னு மட்டும் கேக்காத. அது இன்னைக்கு நின்னாலும் இந்த ஓட்டை எல்லாம் ஊதிக்கிட்டேதான் இருக்கும். எந்தக் கிணத்துல, எந்த ஆழத்துல சிமென்ட் போட்டீங்கன்னு கேளு. போட்ட சிமென்ட் மேல குழாயை இறக்கி எடை வெச்சுப் பாத்தீங்களான்னு கேளு. அப்புறம், எங்க படிப்பு எதுக்குன்னு நீயும் ஒரு தடவை யோசி. எடுத்த வழியைத் தெரிஞ்சவதான் அடைக்க முடியும். நாளைக்கு காத்துல கலந்த கரியமில வாயுவைத் திருப்பி பாறைக்குள்ள அனுப்பணும்னாலும் எங்களைத்தான் கூப்பிடணும்."

"சரிம்மா."

"ஒழுங்கா சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்."

அடுத்த வாரம் புக்கரெஸ்டில் கம்பெனி தலைமையகத்தின் முன் இளைஞர்கள் நின்றார்கள். அவர்கள் பிடித்திருந்த அட்டைகளில் பூமி உருண்டையும் கண்ணீரும் இல்லை. "சிமென்ட் எந்த ஆழத்தில்?" என்று இருந்தது. செய்தியாளர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குப் புரிந்தது.

கோடை முடிவதற்குள் ரிக் வந்தது. இலாரியோன் தோட்டத்தில் பாதிப் பிளம் மரங்கள் போயின. சுற்றிலும் வேலி போட்டு, அக்லயாவை உள்ளே விடக் கூடாதென்று காவலாளியிடம் அவள் படத்தையே கொடுத்திருந்தார்கள். அவள் தினமும் வந்து வேலிக்கு வெளியே ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். ரிக் குழுவின் தலைவர் பெட்ராகே முன்பு அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர். சிகரெட் பிடிக்க வெளியே வருவதுபோல் வருவார்.

முதலில் போட்ட சிமென்ட் இறுகியதா என்று குழாயை இறக்கி எடை வைத்துப் பார்த்தபோது, அது வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. பெட்ராகே வேலி ஓரமாக வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்ஜினியரம்மா, இது மேலேயே இன்னொரு அடைப்பு போட்டு முடிச்சிடச் சொல்றாரு ரெதுகானு சார். அது பிடிச்சுக்கும்கறாரு."

"நீ என்ன சொல்றே?"

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. வேலை போயிடும்."

அவள் எழுந்து வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. இவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "பெட்ராகே, இதை நாம ரெண்டு பேரும் செத்தப்புறமும் யாரும் திறந்து பாக்கப்போறதில்ல. அதனாலதான் அவன் தைரியமா சொல்றான். நீ கழுவி எடுத்துட்டுத் திரும்பப் போடு. ரிக் கெட்டுப்போச்சுன்னு சொல்லு. எதையாவது கெடு."

அன்று பிற்பகல் ரிக்கின் ஒரு பம்ப் கெட்டுப்போனது. அது சரியாவதற்குள் இன்னொரு பம்பால் முதல் சிமென்ட் கழுவி எடுக்கப்பட்டு, புதிதாகப் போடப்பட்டிருந்தது. இறுகும்வரை காத்திருந்தார்கள். குழாய் இறங்கியது, உட்கார்ந்தது, முழு எடையை வைத்தும் அசையவில்லை. பிறகு மேலே குழாயில் ஓட்டை போட்டுப் பின்புறச் சந்துக்குள் சிமென்ட்டை அழுத்தி ஏற்றினார்கள். கடைசியில் மண்ணுக்குக் கீழே குழாயை அறுத்து, தகடு வைத்துப் பற்றவைத்துப் புதைத்தார்கள். பெட்ராகே கேமராவை இரவல் வாங்கிக் காவலாளிக்கே காட்டினார். புல், மண், தூண் இருந்த இடம். வேறொன்றும் இல்லை. அக்லயா வாளிமேல் உட்கார்ந்தபடி ஒரு முழு ரொட்டியைத் தனியாகச் சாப்பிட்டு முடித்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். மென்றுகொண்டிருந்தாள்.

கம்பெனி மறுபடி விழா வைத்தது. சின்ன விழா, கூடாரம் இல்லை. வேலையிலிருந்து நிறுத்திவைத்த உத்தரவை ரத்து செய்து அவளையும் அழைத்திருந்தார்கள். இலிங்கா வந்திருந்தாள், கூட வந்த நண்பர்களிடம் "இது எங்கம்மா, பெட்ரோலியம் இன்ஜினியர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரெதுகானு தன் உரையில், இந்தக் கிணற்றைக் கம்பெனி தானாகவே முன்வந்து மூடியது என்றார். அதை அவர் சிரிக்காமல் சொன்னார். முன்வரிசையில் சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

பேசி முடித்துவிட்டு அவளிடம் வந்து கையை நீட்டினார். "என்ன மேடம், இப்ப திருப்திதானே?"

அக்லயா அந்தக் கையைக் குலுக்கவில்லை. அதற்கு மேலே, கோட்டின் முழங்கைப் பக்கத்தை இறுகப் பிடித்தாள். பிடித்தபடியே நடக்க ஆரம்பித்தாள். தோட்டத்தைத் தாண்டி, சாலையைக் குறுக்கே கடந்து, பாலர் பள்ளியின் பின்பக்கச் சந்து வழியாக. அங்கே ஊஞ்சலுக்கு அந்தப் பக்கம், மூடிவிட்டதாகக் கம்பெனி சொல்லும், இன்னும் கசியும் இன்னொரு கிணறு, முந்நூற்று இருபத்திரண்டு, இருக்கிறது. "மேடம், என்ன பண்றீங்க, விடுங்க மேடம்" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் நாள் பெய்த மழையில் சந்து சேறாகக் கிடந்தது. அவருடைய ஒரு காலணி அதில் மாட்டிக் கழன்று பின்னாலேயே தங்கிவிட்டது. அவள் நிற்கவில்லை. கோட்டையும் விடவில்லை.